இருக்கிறபடியே

வங்கியில் என் மேஜையைக் கடந்துபோகும் ஏல அறிவிப்புகளில் ஒரு வாசகம் தவறாமல் இருக்கும்: உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில், உள்ள நிலையில். கடன் கட்டாதவர்களின் வீடுகளை 2002ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் கைப்பற்றி விற்கும்போது போடுகிற வாசகம். கூரை ஒழுகுகிறதா, கிணறு தூர்ந்துவிட்டதா, உள்ளே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா, எதற்கும் வங்கி ஜவாப்தாரி அல்ல, வாங்குகிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று அர்த்தம். பதினோரு வருஷமாக இதில் வரும் அச்சுப்பிழைகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இதை ஒரு வாக்கியமாக நான் வாசித்ததில்லை. ரப்பர் ஸ்டாம்பை யாரும் வாசிப்பதில்லை.

அத்தை எழுதிவைத்த உயிலில் இந்த வாசகம் வேறு உருவத்தில் இருந்தது. ‘என் காலத்துக்குப் பிறகு வீட்டை இருக்கிறபடியே விற்று, வருகிற தொகையை மூன்று சம பங்காக்கி’ என்று. மூன்று பங்கு என்பது சித்தப்பா, என் தங்கை, நான். அப்பா அப்போதே இல்லை. உயிலை நிறைவேற்ற வேண்டியவன் என்று என் பெயரைப் போட்டிருந்தாள். எழுதிய வருஷம் 2012. அப்போது நான் பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு வேலையில்லாமல் திரிந்துகொண்டிருந்தேன். அத்தை முப்பத்துநாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எழுதவில்லை. வாசிக்கத் தெரிந்தவன் என்று நினைத்திருக்கக்கூடும்.

வீடு திருவல்லிக்கேணியில், பாரதி சாலையிலிருந்து ஜாம் பஜார் பக்கம் பிரியும் ஒரு சந்தில் இருந்தது. ‘இருந்தது’ என்று எழுதியதில் முடிவு முன்னாலேயே தெரிந்துவிட்டது, பரவாயில்லை. அரை கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவான இடம். தாத்தா 1979இல் கல்யாணமாகாத மகளின் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்தது. மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாக நிறுத்தி அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, தட்டோடு பதித்த கூரை. சுண்ணாம்பு மூச்சுவிடும், சிமெண்ட் விடாது. 2011இல் ஒரு மேஸ்திரி அத்தையிடம் எண்பதாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு தளம் முழுக்கச் சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். அந்த ஐப்பசியிலேயே கூடத்தில் மூன்று பாத்திரம் வைக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் ஒரு பாத்திரம்தான். உயில் அதற்கு அடுத்த வருஷம் எழுதப்பட்டது என்பதை வாசிப்பவர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். என் கட்சிக்கு இது முக்கியமான சாட்சி.

இதற்கு மேல் வீட்டைப் பற்றி நான் உருகப் போவதில்லை. முற்றம், ஊஞ்சல், தூணில் சாய்ந்த பாட்டி, இவற்றை வைத்து நம் பத்திரிகைகளில் வந்த கவிதைகளைப் பற்றி என் அபிப்ராயம் இந்த வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வீட்டை இழந்தவன் எழுதும்போது சாக்கடையை விட்டுவிடுகிறான். அத்தை வீட்டில் மழைக்காலத்தில் கொல்லைப்புறத்திலிருந்து சாக்கடை ஏறி சமையலறை வாசல்படிவரை வரும். என் தங்கை ஆறு வயதிலிருந்தே அங்கே ராத்திரி தங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

வாசலை ஒட்டிய ஒரு அறைக்கு மட்டும் தெருப்பக்கம் தனிக்கதவு உண்டு. அதில் 1983இலிருந்து ஒரு பைண்டர் வாடகைக்கு இருந்தார். சந்தில் எல்லோருக்கும் அவர் பாய். அத்தை அவருக்கு டீச்சரம்மா. ஒருகாலத்தில் வங்கிகளின் லெட்ஜர்கள் அவரிடம் வந்திருக்கின்றன. கம்ப்யூட்டர் வந்த பிறகு அது நின்றது. சேப்பாக்கம் பக்கத்தில் இருப்பதால் கொஞ்ச காலம் பல்கலைக்கழக ஆய்வேடுகள், கறுப்பு ரெக்ஸினில் தங்க எழுத்து. அப்புறம் அதையும் ஜெராக்ஸ் கடைக்காரர்களே செய்துகொடுக்க ஆரம்பித்தார்கள். கடைசிப் பத்து வருஷம் அவருக்கு என்ன வேலை வந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. பாரதி சாலைப் பழைய புத்தகக் கடைகளிலிருந்து முதுகு பிய்ந்தவை வரும். என்னைப் போன்ற சிலர் சிறுபத்திரிகைகளைக் கொண்டுபோய்க் கொடுப்போம். இந்தப் பத்திரிகையின் முதல் பன்னிரண்டு இதழ்களை அவர்தான் எனக்கு ஒரே தொகுதியாகக் கட்டிக்கொடுத்தார். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சுவார், பூச்சி அண்டாது. ஓரத்தை மட்டும் வெட்டாதீர்கள் பாய் என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும். ஓரத்தில்தான் நான் குறிப்பு எழுதியிருப்பேன். ‘வெட்டலைன்னா அழகா இருக்காது தம்பி’ என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு வெட்டாமல் கொடுப்பார்.

வாடகை முதலில் 75 ரூபாய். கடைசியில் 600. இதற்கு எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. அத்தையின் ஒரு நோட்டுப்புத்தகம் உண்டு.

2019 நவம்பரில் அத்தை இறந்தாள். வீட்டை விற்பதென்றால் வாங்குகிறவன் புரொபேட் கேட்பான் என்றார் வக்கீல். கேட்கத்தான் செய்தார்கள். வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவு அப்போது இருந்தது. சென்னை, பம்பாய், கல்கத்தா உயர்நீதிமன்றங்களின் ஆரம்ப அதிகார எல்லைக்குள் ஒரு இந்து எழுதிய உயிலோ, அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு நிலத்தைப் பற்றிய உயிலோ, புரொபேட் பெறாமல் எந்தக் கோர்ட்டிலும் உரிமையை நிலைநாட்ட முடியாது. தாம்பரத்தில் வீடு இருந்து தாம்பரத்திலேயே உயிலும் எழுதியிருந்தால் தேவையில்லை. வெள்ளைக்காரன் மூன்று பட்டணங்களைச் சுற்றிப் போட்ட கோடு. நாங்கள் அந்தக் கோட்டுக்கு உள்ளே அகப்பட்டுக்கொண்டோம். 2025 டிசம்பரில் பாராளுமன்றம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. இன்றைக்கு அத்தை இறந்திருந்தால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு இடமில்லை. மற்றப் பாதி அப்படியேதான் இருந்திருக்கும்.

மனுவைத் தாக்கல் செய்ய 2021 ஜூன் ஆகிவிட்டது. நடுவில் ஊரடங்கு. உயிலைக் காரைக்காலம்மையார் பதிகத்துக்கு உரை எழுதுகிறவர் மாதிரி வக்கீல் வரிவரியாகப் பார்த்தார். பதிவு செய்யப்படாத உயில், கையெழுத்துப் பிரதி. அதனால் குற்றமில்லை, ஆனால் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவராவது வந்து, என் கண்முன்னே இந்த அம்மாள் கையெழுத்திட்டார் என்று சத்தியம் செய்ய வேண்டும். முதல் சாட்சி அத்தையோடு வேலைபார்த்த ஒரு ஆசிரியை, 2016இலேயே காலமாகிவிட்டவர். இரண்டாவது கையெழுத்து உருதுவில் இருந்தது. அதன்கீழ் அத்தை தன் கையால் தமிழில் பெயரை எழுதி, ‘புத்தகம் கட்டுபவர்’ என்று தொழிலையும் போட்டிருந்தாள்.

ஆக, பாய் வந்து சொன்னால்தான் உயில் உயில். தம்புச்செட்டித் தெருவில் வக்கீல் அலுவலகத்துக்கு அவரை ஆட்டோவில் அழைத்துப்போனேன். மாடிப்படி செங்குத்து. அவருக்கு அப்போது எழுபத்துமூன்று வயது, மூட்டுவலி. நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தார். வக்கீல் கேட்டார், உயிலில் என்ன எழுதியிருந்தது என்று தெரியுமா என்று. ‘தெரியாதுங்க. டீச்சரம்மா கூப்பிட்டு கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன். மடிச்சு வச்சிருந்தாங்க.’ தெரிந்திருக்க வேண்டியதில்லை, சட்டம் அதைக் கேட்பதில்லை என்றார் வக்கீல். சாட்சி என்பவன் கையெழுத்துக்குச் சாட்சி, விஷயத்துக்கு அல்ல. இறங்கும்போது பாய் என்னிடம், ‘எங்க ஆளுங்களுக்கு இந்தக் கோர்ட்டுத் தொல்லை கிடையாது தம்பி. ஆனா மூணுல ஒரு பங்குக்கு மேல உயில் எழுத முடியாது. எழுதறதுக்கு என்ன இருக்கு, அது வேற’ என்று சொல்லிச் சிரித்தார்.

சித்தப்பா சம்மதப் பத்திரம் கொடுக்க ஏழு மாதம் இழுத்தார். அவர் ஆட்சேபணை போட்டால் மனு என்பது வழக்காக மாறும், எண் மாறும், பத்து வருஷம் என்று வக்கீல் பயமுறுத்தியிருந்தார். சித்தப்பாவுக்கும் யாரோ அதையே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு தினசரிகளில், ஒன்று இங்கிலீஷ் ஒன்று தமிழ், விளம்பரம் போட்டோம். யாரும் வரவில்லை. 1892இல் கட்டி முடித்த அந்தச் சிவப்புக் கட்டிடத்தின் தாழ்வாரங்களில் நான் எத்தனை காஷுவல் லீவைக் கழித்தேன் என்பதை எழுத ஆரம்பித்தால் அது வேறு வகைக் கட்டுரையாகிவிடும். ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். கௌண்டரில் உட்கார்ந்து, இறந்துபோன கணவனின் கணக்கிலிருக்கும் பன்னிரண்டாயிரத்துக்காக வருகிற எத்தனையோ பெண்களிடம் வாரிசுச் சான்றிதழ் கொண்டுவாருங்கள் அம்மா என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லியிருக்கிறேன். கௌண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது கால் வலிக்கிறது.

2023 மார்ச்சில் புரொபேட் கிடைத்தது.

அந்த இரண்டு வருஷத்தில், காத்திருக்கும் நேரத்துக்காக, 1925ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டத்தை வாசித்தேன். 74ஆம் பிரிவிலிருந்து தொடங்குகிற அத்தியாயம் உயிலுக்குப் பொருள்கொள்வது எப்படி என்பதைப் பற்றியது. இதை நம்மில் ஒருவரும் வாசித்ததாகத் தெரியவில்லை. இலக்கிய விமர்சனம் என்ற பெயரில் தமிழில் வந்துகொண்டிருப்பதில் பெரும்பகுதியைவிட இதில் தெளிவு அதிகம். ஒரு வாசகத்தின் பொருளை உயில் முழுவதிலிருந்தும் எடுக்க வேண்டும். இரண்டு அர்த்தம் சாத்தியமாகி, ஒன்றில் வாசகம் பயனற்றுப் போகுமானால் மற்றதைக் கொள்ள வேண்டும். எழுதியவரின் எண்ணத்தை முழுக்க நிறைவேற்ற முடியாவிட்டாலும் முடிந்த மட்டும் நிறைவேற்ற வேண்டும். உதாரணங்கள் குட்டிக் கதைகள் மாதிரி இருக்கின்றன. ஒருவன் மேரி என்ற தன் உறவுப் பெண்ணுக்குப் பணம் எழுதிவைக்கிறான், ஆனால் உறவில் இரண்டு மேரி இருக்கிறார்கள். எந்த மேரி என்று காட்ட வெளிச்சாட்சி கொண்டுவரலாம். இன்னொருவனுக்கு காரலின் என்று ஒரு அத்தை, மேரி என்று ஒரு உறவுப் பெண். அவன் ‘மேற்சொன்ன என் அத்தை மேரி’க்கு 2,000 ரூபாய் எழுதிவிடுகிறான். அப்படி ஒரு அத்தை இல்லை. இங்கே வெளிச்சாட்சி கூடாது. காகிதத்திலேயே தெரிகிற குறைக்கும், காகிதத்தை உலகத்தோடு பொருத்தும்போது தெரிகிற குறைக்கும் சட்டம் வித்தியாசம் செய்கிறது. முதலாவதை எழுதியவர் தலையில் கட்டுகிறது. இரண்டாவதற்குத்தான் உலகத்தைக் கூப்பிட்டுக் கேட்கிறது.

இதெல்லாம் எனக்கு ஏன் உறுத்தியது என்றால், இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களில் நாலைந்து பேருக்காவது ஞாபகமிருக்கலாம், 2016இல் நான் எழுதிய ஒரு கட்டுரையின் சாரம் இதற்கு நேர் எதிரானது. ஒரு மூத்த விமர்சகர், ஒரு கதையை அதை எழுதியவரின் வாழ்க்கையை வைத்து விளக்கியிருந்தார். நான் விம்ஸட்டும் பியர்ட்ஸ்லியும் 1946இலேயே முடித்துவைத்த விவகாரத்தை எண்பது வருஷம் கழித்தும் தமிழில் கிளப்புகிறார்களே என்று பாய்ந்தேன். (எழுபது வருஷம்தான். கோபத்தில் கணக்குத் தப்பியது. வங்கிக்காரனுக்கு அழகல்ல என்று ஒரு நண்பர் கார்டு போட்டார்.) எழுதியவனின் நோக்கம் எழுத்துக்கு வெளியே இருக்கிறது, பிரதி வெளியான பிறகு அவனும் ஒரு வாசகன்தான் என்பது என் கட்சி. இன்னமும் கதைக்கும் கவிதைக்கும் அதுதான் என் கட்சி. ஆனால் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, எண்ணம், எண்ணம் என்று பிரிவுக்குப் பிரிவு வற்புறுத்துகிற அந்தச் சட்டத்தை வாசித்தபோது, என் வாதம் எனக்கு ஏன் இவ்வளவு சுலபமாக இருந்தது என்று யோசித்தேன். கவிதையைத் தப்பாக வாசித்தால் யாரும் தெருவுக்கு வந்துவிடுவதில்லை.

சட்டத்தில் இன்னொரு விஷயம் உண்டு. அதை வக்கீல் ஏதோ சாதாரண சமாச்சாரம்போலச் சொன்னார். புரொபேட் கொடுக்கிற கோர்ட் உயில் உண்மையானதா என்று மட்டும்தான் பார்க்கும். இது இந்த அம்மாள் எழுதியது, சுயநினைவோடு எழுதியது, இதுவே கடைசி என்று முத்திரை போடும். அதற்கு என்ன அர்த்தம் என்பதற்குள் போகாது. அதை நிறைவேற்றுகிறவர் பார்த்துக்கொள்ள வேண்டும். யாராவது தகராறு செய்தால் வேறு கோர்ட், வேறு வழக்கு. அதாவது, பிரதியின் நம்பகத்தை நிர்ணயிக்க இரண்டு வருஷம், ஒரு நீதிபதி, ஒரு மாஸ்டர், ஒரு பதிப்பாசிரியருக்கு இருக்க வேண்டிய அத்தனை கண்டிப்பும். அர்த்தத்துக்கு நான் ஒருவன். மூன்றில் ஒரு பங்குக்காரன்.

புரொபேட் என்பது கோர்ட் முத்திரையோடு உயிலின் நகலையும் சேர்த்துக் கொடுக்கும் காகிதக் கட்டு. அசல் கோர்ட்டிலேயே தங்கிவிடும். அத்தையின் கையெழுத்தை இனி நான் நகலில்தான் பார்க்க முடியும். கட்டு பிரிந்துபோகும்போல இருந்தது. பாய்க்குச் செய்தி சொல்லப் போனபோது, ‘கொடுங்க தம்பி, தைச்சுத் தர்றேன்’ என்று வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று நாள் கழித்துப் போனேன். கருநீலக் காலிகோ, ஓரம் வெட்டவில்லை. கையில் கொடுத்துவிட்டு, பசைக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

‘வீட்டை இருக்கிறபடியே விக்கணும்னு டீச்சரம்மா எழுதியிருக்காங்க, பார்த்தேன். அப்படீன்னா நான் இருக்கறதும் சேர்த்தியா தம்பி?’

அவர் தமிழ் படிப்பார் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நாற்பது வருஷமாகத் தமிழ்ப் புத்தகங்களைக் கட்டுகிறவர்.

நான் உடனே பதில் சொன்னேன். யோசித்துச் சொல்லியிருந்தால் இவ்வளவு வருத்தமிருக்காது. ‘அது தளம் ஒழுகறதைச் சொல்றாங்க பாய். ரிப்பேர் பண்ணாம விக்கணும்னு.’

‘சரி தம்பி. படிச்சவங்க நீங்க.’

இதில் குத்தல் எதுவும் இல்லை. நான் குரலைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன், இல்லை. தையலுக்கு 80 ரூபாய் வாங்கிக்கொள்ள மறுத்தார்.

அதுவரை அந்தச் சொல்லில் இரண்டு அர்த்தம் இருப்பது எனக்குத் தோன்றவில்லை. நாலு வருஷமாக, வக்கீலோடும் சித்தப்பாவோடும் வங்கி மேஜையிலும், எத்தனை தடவை அந்த வரியைப் படித்திருப்பேன். ஒரு சொல்லில் ஒளிந்திருக்கும் அர்த்தங்களைக் கிளறியெடுப்பதுதான் என் சிறப்பு என்று ஒரு தொகுப்பின் பின்னட்டையில் என்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

வாங்க வந்தவர்கள் இரண்டு பேர். இருவருக்கும் வீடு வேண்டாம், மனைதான். ஒருவர், கடைக்காரரோடு கொடுப்பதானால் ஒரு விலை, காலி செய்து கொடுப்பதானால் ஒரு விலை என்றார். வித்தியாசம் 24 லட்சம். என் பங்குக்கு எட்டு லட்சம். வில்லியம் எம்ப்ஸன் 1930இல் பொருள்மயக்கத்தை ஏழு வகையாகப் பிரித்தார். எந்த வகைக்கும் அவர் விலை போடவில்லை.

இதற்குப் பிறகு நான் எனக்குள் நடத்திய வழக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் தரப்புச் சாட்சி பலமானது. மேஸ்திரி ஏமாற்றியது 2011, உயில் 2012. ‘இருக்கிறபடியே’ என்றால் இனி ஒரு கரண்டி சிமெண்ட்கூட வைக்காமல். உயிலில் வேறெங்கும் பாயைப் பற்றி ஒரு வரியில்லை. சாட்சியாக மட்டும் இருக்கிறார். அவர் இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் தமிழாசிரியைக்கு அதைத் தனியாக எழுதத் தெரியாதா? உயில் முழுவதையும் வைத்துப் பார்த்தால் மூன்று பேருக்குப் பணம் சேர வேண்டும் என்பதுதான் எண்ணம், குறைந்த விலைக்கு விற்பது அதற்கு விரோதம். நிறைவேற்றுபவன் மற்ற இரு பங்குதாரருக்கும் கடமைப்பட்டவன். தங்கைக்கு அந்த எட்டு லட்சம் நிஜமாகவே தேவைப்பட்டது. எல்லாம் சரியான வாதங்கள். ஒன்றையும் இன்றுவரை என்னால் உடைக்க முடியவில்லை.

எதிர்த்தரப்புக்கு ஒரே ஒரு சாட்சி. 2017இல் ஒரு நாள் அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். வாசல் கதவு அகலத் திறந்து கிடந்தது. இப்படித் தனியாக இருக்கிறாயே, கதவைச் சாத்திக்கொள்ளக் கூடாதா என்றேன். ‘பாய் இருக்கிற வரைக்கும் எதுக்குடா சாத்தணும்’ என்றாள். அவ்வளவுதான். ஐந்து வருஷம் முன்பு எழுதிய உயிலுக்கு இதைச் சாட்சியாகக் கொண்டுபோனால் எந்தக் கோர்ட்டும் சிரிக்கும். நானும் அதைத் தள்ளிவிட்டேன். ஆனால் தள்ளியபோது, சட்டத்துக்கு அது செல்லாது என்பதால் தள்ளினேனா, எட்டு லட்சத்துக்காகத் தள்ளினேனா என்பதைப் பிரிக்க முடியவில்லை. என் 2016 கட்டுரையைக்கூட இதற்குத் துணைக்கு அழைத்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எழுதியவர் வாழ்க்கையில் என்றோ சொன்ன ஒரு வாக்கியத்தைக் கொண்டுவந்து பிரதியின்மேல் ஏற்றக்கூடாதாம். கொள்கை சரியானதாக இருப்பதற்கும் அது சமயத்தில் கைகொடுப்பதற்கும் உள்ள தூரத்தை அதற்கு முன் நான் அளந்து பார்த்ததில்லை.

கோர்ட்டுக்கு ஆறு மாதத்துக்குள் சொத்து அட்டவணையும் ஒரு வருஷத்துக்குள் கணக்கும் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். தேக்கு அலமாரி ஒன்று, பித்தளை அண்டா இரண்டு, தையல் மெஷின், புத்தகங்கள் சுமார் 300, மதிப்பு இவ்வளவு என்று. பாய் எந்தத் தலைப்பிலும் வரவில்லை. வாடகை வரவு என்ற இடத்தில் மாதம் 600 ரூபாயாக வந்தார்.

2023 அக்டோபரில் அவரிடம் சொன்னேன். பழைய 1960ஆம் வருஷத்து வாடகைச் சட்டமாக இருந்தால் அவரை அசைக்க முடிந்திருக்காது என்று வக்கீல் சொல்லியிருந்தார். 2019 பிப்ரவரியில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத வாடகைதாரரின் நிலை பலவீனம். அதை நான் பாயிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. அவர் எதிர்ப்பார் என்று தயார் செய்துகொண்டு போன வாக்கியங்கள் எல்லாம் வாயிலேயே நின்றன. ‘எவ்வளவு நாள் தருவீங்க தம்பி?’ என்று மட்டும் கேட்டார். மூன்று மாதம் என்றேன். மூன்று பேர் பங்கிலிருந்தும் எடுத்து இரண்டரை லட்சம் கொடுப்பதென்று பேசியிருந்தோம். ஒரு லட்சம் போதும் என்றார் சித்தப்பா. அவரோடு இரண்டு வாரம் சண்டை போட்டேன். அந்தச் சண்டையில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது, நான் நியாயத்தின் பக்கம் நிற்பதாக. நிம்மதி சித்தப்பாவின் கஞ்சத்தனத்திலிருந்து கிடைத்தது.

கட்டிங் மெஷினை யாரும் வாங்கவில்லை. எடைக்குப் போட்டார். வார்ப்பிரும்பு, நாலு பேர் தூக்கினார்கள். அச்சுக் கோத்து முதுகில் பெயர் அழுத்தும் பித்தளை எழுத்துகளை மட்டும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டார். அறையைக் காலி செய்த பிறகும் பல நாள் மயில்துத்த வாடை இருந்தது.

கிரயம் 2024 ஜூனில் நடந்தது. மறைவான குறை இருந்து அது விற்கிறவனுக்குத் தெரிந்திருந்தால் வாங்குகிறவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. உள்ளது உள்ளபடி என்று எழுதிவிட்டால் மட்டும் தப்பிக்க முடியாது. நான் மனச்சாட்சியோடு எல்லாவற்றையும் சொன்னேன். வடக்குச் சுவர் பொதுச்சுவர், உள்ளே விரிசல் ஓடுகிறது, கொல்லையில் ஒரு கிணறு மூடிக்கிடக்கிறது, மேலே கல் பாவியிருக்கிறோம். வாங்கியவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவர் இடிக்கப் போகிறவர், விரிசல் அவருக்கு எதற்கு. ஒரு பைசா செலவில்லாமல் நான் யோக்கியனாக இருந்த சந்தர்ப்பம் அது.

பத்திரம் எழுதுபவர் எழுதிக்கொண்டுவந்த வாசகத்தில் ‘உள்ளது உள்ளபடி’ என்றும், அதற்கு இரண்டு வரி தள்ளி ‘காலி சுவாதீனமாக’ என்றும் இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கிறதே என்றேன். எல்லாப் பத்திரத்திலும் அப்படித்தான் சார் எழுதுவோம் என்றார்.

பதிவு அலுவலகத்துக்குப் புரொபேட்டின் நகல் வேண்டும். எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன். பையன் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண்ணாடியில் படுக்கவில்லை. நடுவில் பாய் போட்டிருந்த தையல் அவ்வளவு இறுக்கம், உள்ஓரத்து எழுத்து நகலில் விழவில்லை. ‘பிரிச்சாத்தான் சார் வரும்’ என்று பிளேடை எடுத்தான். டோக்கன் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பிரி என்றேன்.

அந்தத் தாள்கள் இப்போது ஒரு பிளாஸ்டிக் உறையில் இருக்கின்றன. காலிகோ அட்டை தனியாக. பாய் ஆவடியில் மகள் வீட்டில் இருக்கிறார். கொண்டுபோய்க் கொடுத்தால் மெஷின் இல்லாமல் ஊசியாலேயே தைத்துக் கொடுத்துவிடுவார். ஆவடிக்கு ரயில் அடிக்கடி இருக்கிறது.